பில் இல்லாத வேலை, செய்யாத வேலை

கேள்வி: வணக்கம். நான் பாலக்கோட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று வீட்டில் ஏழு பேர். மாமனாரை மாதம் இரண்டு தடவை சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம், ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிதான். அதனால் பழைய இன்னோவா ஒன்று எடுக்கலாம் என்று ஓசூரில் ஒரு புரோக்கரிடம் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2014 மாடல் டீசல், ஒரே ஓனர், 1,86,000 கி.மீ. ஓடியது. சர்வீஸ் பில்கள் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன, ஆனால் 1,62,000 வரைக்கும்தான். இன்னொன்று 2015 மாடல், இரண்டாவது ஓனர், கர்நாடகாவின் கே.ஏ. நம்பர், மீட்டரில் 92,000. சர்வீஸ் புக் தொலைந்துவிட்டதாம். இதற்கு எழுபதாயிரம் கூடுதலாகச் சொல்கிறார். “மீட்டர் கம்மி டீச்சர், கண்ண மூடிக்கினு எடுங்க, இனிமே ஆயில் மாத்தினா போதும்” என்கிறார். வீட்டில் எல்லாருக்கும் இரண்டாவது வண்டி மேல்தான் மனசு. எனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது. முதல் வண்டியின் பில்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு ஓடிய வண்டியில் அடுத்து என்ன செலவெல்லாம் வரும்? செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு விஷயம், இரண்டாவது வண்டியில் பெடல் ரப்பர் மூன்றும் பளபளவென்று புதுசு, ஸ்டீயரிங் தோல் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது.

பதில்:

வணக்கம் டீச்சர். நீங்கள் அனுப்பிய பதினான்கு பில்களையும் ராத்திரி பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு டீயோடு உட்கார்ந்து தேதி வாரியாகப் பார்த்தேன். யார் படித்து எழுதியது, யார் பார்த்து எழுதியது என்று விடைத்தாளின் இரண்டாம் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும் இல்லையா, சர்வீஸ் பில்லும் அப்படித்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1,86,000 ஓடிய வண்டியை மேற்கொண்டு பாருங்கள். 92,000 வண்டியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு இடித்தது சரியாகத்தான் இடித்திருக்கிறது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரை. லட்சத்துக்குக் கீழே இருந்தால் முகம் மலர்ந்துவிடும். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஆனால் போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிற விவசாயி பல்லோடு நிறுத்திக்கொள்ள மாட்டார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். அதோடு மாட்டின் பல்லை யாரும் லேசில் திருத்த முடியாது. மீட்டரை, லேப்டாப்பும் ஒரு வயரும் வைத்திருக்கிற பையன் டீ குடித்து முடிப்பதற்குள் திருத்திவிடுவான்.

வண்டி மேல் பைனான்ஸ் இருந்தால் ஆர்.சி.யில் தெரியும். முந்தின ஓனர் செய்யாமல் தள்ளிப்போட்ட சர்வீஸும் கடன்தான், ஆனால் அது எந்த ஆர்.சி.யிலும் ஏறாது. வண்டி கை மாறும்போது சாவியோடு சேர்ந்து அதுவும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதனால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, அந்தக் கிலோமீட்டருக்குச் செய்ய வேண்டியதில் எது பாக்கி என்று கேளுங்கள். வண்டியோடு வரும் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும்: ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், பெல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே இத்தனை கிலோமீட்டர், இத்தனை மாதம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பெரும்பாலானவர்கள் கிலோமீட்டரைப் பார்ப்பார்கள், மாதத்தை மறந்துவிடுவார்கள். அதே பக்கத்தில் புழுதியான ரோட்டில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லி ஒரு குறிப்பும் இருக்கும். கிரானைட் குவாரி லாரிகளுக்குப் பின்னாலேயே ஓட்ட வேண்டிய நம் பக்கத்துக்காரர்கள் அதை ‘நமக்கில்லை’ என்று தாண்டிப் போகக் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் தெரியும், யாருக்கு என்று.

இப்போது உங்கள் கவர். 2020 மார்ச் மாத பில்லில் 1,09,420 கி.மீ. அடுத்த பில் 2021 ஜனவரியில், 1,12,870. பத்து மாதத்தில் 3,450 கிலோமீட்டர்தான். அதற்கு முன்னும் பின்னும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 19,000 ஓடிய வண்டி இது. இந்த இடத்தைப் பார்த்ததும்தான் எனக்கு இந்த வண்டி மேல் நம்பிக்கை வந்தது. ஊரடங்கில் வீட்டு வாசலில் நின்ற வண்டி, நின்ற மாதிரியே பில்லிலும் நிற்கிறது. பொய் மீட்டருக்கு இப்படியெல்லாம் கதை சொல்லத் தெரியாது. 

பாக்கி எது என்று பார்ப்போம். டைமிங் பெல்ட் 2019 செப்டம்பரில் 1,01,300-ல் மாற்றியிருக்கிறார்கள், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்த்து. கியர்பாக்ஸ் ஆயிலும், பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் ஆயிலும் 2018-ல் ஒரே ஒரு தடவை, 80,000-த்தில். பிரேக் ஆயில் அதே பில்லில் ஒரு தடவை, அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கூலண்ட் 2017, 2021. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் 1,42,000-ல் புதுசு. கிளட்ச் பில் ஒன்றுகூட இல்லை. ஷாக் அப்சார்பரும் அப்படியே. 1,62,000-க்குப் பிறகு 24,000 கிலோமீட்டருக்கு எழுத்தே இல்லை. அந்த 24,000-ல் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கலாம். ஓனர் கம்பெனி சர்வீஸை விட்டுத் தெரிந்த பட்டறைக்குப் போயிருக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான். ஆனால் பில் இல்லாத வேலையைச் செய்யாத வேலை என்றே கணக்கில் வையுங்கள். அப்படி வைத்தால் நஷ்டம் சில ஆயிரம். நம்பி விட்டால் இன்ஜின்.

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் சத்தம் போட்டுவிட்டுப் போகும், இது சொல்லாமல் போகும். இன்ஜினுக்குள் கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன, மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் தாளம் தப்பாமல் ஓடுவதற்கு நடுவில் பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வு திறந்தபடி நிற்கும், பிஸ்டன் போய் மோதும். பழைய இன்னோவாவின் 2.5 டீசல் இன்ஜினில் இந்த பெல்ட்தான். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா டீசலில் பெல்ட் கிடையாது, செயின். மாருதியில் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா என்று ஓடிய 1.3 டீசலும் செயின்தான். டஸ்டர் டீசல், ஈகோஸ்போர்ட் டீசல், போலோ டீசல் எல்லாம் பெல்ட். செயின் என்றால் கவலையே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு, அது பாதிதான் நிஜம். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினும் நீளும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கரகரவென்று அது சொல்லிக் காட்டும். பெல்ட் அப்படி எதுவும் சொல்லாது.

பழைய இன்னோவாவில் மீட்டர் போர்டிலேயே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு உண்டு. குறித்த கிலோமீட்டர் வந்ததும் எரியும். அது எரியவில்லை என்பதை வைத்து ‘பெல்ட் நன்றாக இருக்கிறது’ என்று புரோக்கர் சொல்வார். அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை டீச்சர், கிலோமீட்டரை எண்ணித்தான் எரிகிறது. பெல்ட் மாற்றியதும் மெக்கானிக் அதை ரீசெட் செய்வார். மாற்றாமலும் ரீசெட் செய்யலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை.

சில வருடம் முன்பு பர்கூரிலிருந்து ஒருவர் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றை வாங்கி நாலு மாதம் ஓட்டினார். மீட்டரில் 98,000. ‘லட்சம் ஆகட்டும், பெல்ட் மாற்றிக்கொள்ளலாம்’ என்று வைத்திருந்தார். சூளகிரிக்கு இந்தப் பக்கம் மேலுமலை ஏற்றத்தில், குடும்பத்தோடு போகும்போது, ‘டக்’ என்று ஒரே சத்தம். அவ்வளவுதான். கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெல்ட்டின் மூடியைக் கழற்றினால் பெல்ட்டில் அச்சடித்த எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை, ஓரம் தேங்காய் நார் மாதிரி பிரிந்து கிடந்தது. பல்லெல்லாம் வழித்துப் போட்டது போல வழுவழுப்பு. எனக்குச் சந்தேகம் வந்து பேட்டரியைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கு அடியில், எண்ணெயும் தூசியும் அப்பிப்போய், ஆயில் மாற்றும்போது பட்டறையில் மாட்டும் சின்ன அட்டை ஒன்று விழுந்து கிடந்தது. துணியால் துடைத்ததும் பேனாவில் எழுதியது தெரிந்தது: அடுத்த சர்வீஸ் 1,74,000. அட்டையை அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, வளைந்த வால்வுகளை மாற்றி, அந்த வண்டி கிளம்ப மூன்று வாரம் ஆனது.

மீட்டரைத் திருத்துகிறவன் வண்டியின் வயதையும் சேர்த்துத் திருத்த முடியாது. அதனால்தான் 92,000 வண்டியில் நீங்களே சொன்ன ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது: பெடல் ரப்பர் மூன்றும் பளபளவென்று புதுசு, ஸ்டீயரிங் தோல் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நியாயமாக ஓடிய வண்டியில் காலும் கையும் ஒன்றாகத் தேயும். தொண்ணூறாயிரத்தில் பெடல் ரப்பர் மாற்ற வேண்டிய அவசியம் என்ன? புக் இல்லை, பில் இல்லை என்றால் அந்த வண்டியில் பெல்ட், ஆயில் எல்லாமே பாக்கி என்றுதான் எழுத வேண்டும். அதற்கு எழுபதாயிரம் கூடுதல் வேறு. கே.ஏ. நம்பர் என்பதால் இன்னொரு தலைவலியும் உண்டு. இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, நம்பர் மாற்றியாக வேண்டும். பெங்களூருக்கு இத்தனை பக்கத்தில் இருப்பதால் ஓசூரில் கே.ஏ. வண்டிகள் விலை குறைவாக வந்து இறங்கும். வரியைக் கூட்டிப் பார்த்தால் குறைவெல்லாம் கரைந்துவிடும். உங்கள் புரோக்கர் விலையையே கூட்டிச் சொல்கிறார், அது தனித் திறமை.

முதல் வண்டிக்கு வருவோம். பெல்ட் மாற்றி 85,000 கிலோமீட்டர் ஆகிறது, ஆறு வயசும் ஆகிவிட்டது. நான் லட்சம் வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன், ரப்பர் நின்றுகொண்டே இருந்தாலும் கிழடாகும். வாங்கினால் முதல் வாரமே பெல்ட்டும் டென்ஷனரும் புதுசு. இதற்குச் செலவு ஆயிரங்களில் முடியும், அறுந்தபின் செய்தால் லட்சத்தைத் தொடும்.

அடுத்தது பிரேக் ஆயில். இதை நான் ஏன் பெல்ட்டுக்கு அடுத்து வைக்கிறேன் என்றால், நீங்கள் மாதம் இரண்டு தடவை தொப்பூர் கணவாய் இறங்கப் போகிறீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும் குணமுள்ளது. டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் குடித்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதை இந்த வண்டியில் ஏழு வருடமாக மாற்றவில்லை. பானட்டைத் திறந்து டப்பாவைப் பாருங்கள்: புதுசு இளம் மஞ்சளாக, கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கும். பழசு கடுங்காப்பி நிறத்துக்குப் போயிருக்கும். இதற்குக் கூலியோடு சேர்த்தாலும் பெரிய செலவில்லை, ஆனால் இதைக் கேட்டு வருகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பின் சக்கரத்தில் டிரம் பிரேக், அதையும் கழற்றிச் சுத்தம் செய்து லைனிங் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது உங்கள் வீட்டில் யார் ஓட்டினாலும் மூன்றாவது கியரில் வைத்து இன்ஜினே பிடித்துக்கொள்ளும்படி இறங்கட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற வேலை மட்டும் வேண்டாம்.

கூலண்ட் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு வியாதி உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஓனர்கள் போர் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாமல், ஃப்ளோரைடுக்குப் பயந்துதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? நமக்கு ஒகேனக்கல் தண்ணீர், வண்டிக்கு மட்டும் உப்புத்தண்ணீர். வெந்நீர் போடுகிற குண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஏறிவிடும். சமவெளியில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சேலத்திலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில், ஏ.சி. போட்டு, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு வந்தால் சூட்டு முள் மேலே போகும். அதற்கு மேல் ஓட்டினால், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

பார்ப்பது சுலபம். இன்ஜின் முழுக்க ஆறி இருக்கும்போது மட்டும், சூடாக இருக்கும்போது ஒருநாளும் கூடாது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டு வளையத்தைத் தடவுங்கள். டொயோட்டா கூலண்ட் சிவப்பாகவோ ரோஸாகவோ இருக்கும். விரலில் அந்த நிறம் தெளிவாக வந்தால் சரி. துருச்சேறு வந்தாலோ, சுண்ணாம்பு மாதிரி சொரசொரவென்று இருந்தாலோ, அங்கே போர் தண்ணீர் போயிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியையும் திருப்பிப் பாருங்கள். அடியில் மோரைக் கடைந்த மாதிரி வெண்மையாகப் பிசுபிசுப்பு தடிமனாக இருந்தால், கூலண்ட் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அன்றைக்கு அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். புரோக்கரிடம் ‘ஸ்டார்ட் பண்ணாம வையுங்க’ என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள், ஓசூர்க் குளிரில் பானட் சூடாக இருந்தால் அவர் உங்களுக்கு முன்னாலேயே எதையோ சூடு பண்ணி மறைத்திருக்கிறார். பிறகு நீங்களே சாவியைத் திருப்புங்கள். முதலில் செக் இன்ஜின் விளக்கும், ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஏர்பேக் விளக்கும் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். கறுப்பு ஒரு குபுக் வந்து நின்றால் டீசலில் சகஜம். நீலம் நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளை வந்து, இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால் யோசியுங்கள்.

அப்புறம் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற அழுத்தம். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, கழற்றிய இடத்தின் மேலேயே தலைகீழாக லேசாக வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்து, புகையும் குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. 1,86,000-த்தில் ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்னோவா இன்ஜின் இந்த வேலையைக் கேட்காது. இரண்டரை, மூன்று லட்சம் ஓடி இன்னும் ஹெட்டைத் தொடாத வண்டிகள் என் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கிளட்ச்சுக்கு பில் இல்லை என்றேன். ஹைவேயிலேயே ஓடிய ஒரே ஓனர் வண்டி என்றால் பழைய கிளட்ச் இத்தனை தூரம் வருவது அதிசயமில்லை, ஆனால் அதன் கதை முடியும் நேரம். ஓசூரிலிருந்து சூளகிரி தாண்டி மேலுமலை வரை இறங்கி, அப்படியே திரும்பி ஏறுங்கள். ஏறும்போது நாலாவது கியரில் மெதுவாக வந்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வண்டி அந்த அளவுக்கு ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஏ.சி. போட்டபடியே ஏறுங்கள், சூட்டு முள் நடுவில் அசையாமல் நிற்கிறதா என்றும் அதே ஏற்றத்தில் பார்த்துவிடலாம். கியர்பாக்ஸ் ஆயிலும் கிரவுன் ஆயிலும் லட்சம் கிலோமீட்டர் பழசு என்பதால், வேகத்தில் பின்பக்கமிருந்து ‘ம்ம்’ என்று ஒரு ராகம் வருகிறதா என்று ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வந்தால் கிரவுன் பல் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வராவிட்டால் ஆயில் மட்டும் மாற்றினால் போதும்.

டயரில் கோழிமுட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பாருங்கள். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். ஷாக் அப்சார்பருக்கு மூலையில் ஓர் அழுத்து அழுத்தி விட்டுப் பார்த்தாலே போதும், ஒரு ஆட்டத்தோடு நிற்க வேண்டும்.

இந்த 24,000 கிலோமீட்டர் இடைவெளியைப் பற்றிப் புரோக்கரிடம் கேட்காதீர்கள், அவர் எதற்கும் ‘ஆச்சு’ என்பார். ஓனரின் போன் நம்பரை வாங்கி நேராகப் பேசுங்கள். ‘ஆயில் மாத்தினீங்களா’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘கடைசியா யார்கிட்ட மாத்தினீங்க, எப்போ’ என்று கேளுங்கள். நிஜமாக மாற்றியவர் மெக்கானிக் பெயரைச் சொல்வார், கடை எங்கே என்று சொல்வார், அவர்மேல் இருக்கிற குறையையும் சேர்த்துச் சொல்வார். வண்டியின் நம்பரோடு ஓனரையும் அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கே கம்ப்யூட்டரில் முழு வரலாறும் இருக்கும், உங்கள் கவரில் உள்ள பில்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். வாடகைக்கு ஓடிய வண்டியா என்பதையும் கண்டுபிடியுங்கள். ஆர்.சி. வரலாற்றில் மஞ்சள் போர்டிலிருந்து மாற்றியது தெரியும், அதையும் மீறி மறைத்திருந்தால் ஸ்பீடு கவர்னர் மாட்டிய வயர்த் தடம் ஆக்சிலேட்டர் பக்கம் இருக்கலாம். வாடகைக்கு ஓடியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த உண்மையைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

பேரத்துக்கு உட்காரும்போது ‘வண்டி பழசு, விலை குறைங்க’ என்று பொதுவாகக் கேட்டால் ‘புதுசு வேணும்னா ஷோரூம் போங்க டீச்சர்’ என்பார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: டைமிங் பெல்ட் செட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கிரவுன் ஆயில், கூலண்ட், எல்லா ஃபில்டரும், இன்ஜின் ஆயில், கிளட்ச் செட். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் ஊர் மெக்கானிக் சொன்ன தொகை. கூட்டிக் கீழே போடுங்கள். பேரம் அந்தத் தொகையிலிருந்து தொடங்கட்டும். கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை என்றால் அதில் பாதியை விட்டுக்கொடுக்கலாம். பெல்ட்டிலும் பிரேக்கிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் சம்மதிக்காவிட்டாலும் கையில் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். வண்டி விலைக்கே நகை அடகு வைத்துவிட்டு, பெல்ட்டை அடுத்த போனஸில் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம்.

பேப்பர் பற்றிச் சுருக்கமாக. பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29 இரண்டு, ஃபாரம் 30 ஒன்று, ஓனர் கையெழுத்தோடு. பைனான்ஸ் இருந்து முடிந்திருந்தால் ஃபாரம் 35-ம் என்.ஓ.சி.யும். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கிளெய்ம் கேட்காததற்காக முந்தின ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ், உங்களுக்கு வராது. பழைய ஃபாஸ்டேக்கை அவர் மூடியபின் புதுசு எடுங்கள். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் நம்பர் போட்டுப் பார்த்துவிடலாம். 2014 வண்டிக்கு ஆர்.சி. 2029 வரை, அதன்பிறகு புதுப்பிக்க வேண்டும். டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் என்று யாராவது பயமுறுத்தினால், அது டில்லிப் பக்கத்து விதி, பாலக்கோட்டுக்கு வரவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் சேலம் பயணத்துக்கு முன்னால் பெல்ட்டையும் பிரேக் ஆயிலையும் முடித்துவிடுங்கள், மாமனாரை அந்த ஒரு தடவை வாடகை வண்டியிலேயே அழைத்துப் போனாலும் பரவாயில்லை. பெல்ட் மாற்றும்போது பட்டறையில் நீங்களோ வீட்டுக்காரரோ நின்று பாருங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பெல்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எந்த மெக்கானிக்கும் அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. பல் பக்கமாக மடித்து, வெளிச்சத்தில் பிளவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள்.